ஜீவாளி கழற்றிய தம்புராவும் வறண்ட கிணறும்: இருட்டுக்கு இசை சேர்த்த பதிவு

கடந்த சனிக்கிழமை இரவு அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஒலி நாடகம் எழுதிய நண்பருக்கு, அதன் ஒரு காட்சிக்கு நான் இசை சேர்த்த மூன்று நிமிடம் நாற்பது நொடியை ஐந்தாவது முறையாகப் போட்டுக் காட்டினேன். முந்தைய நான்கு முறையும் "நன்றாக இருக்கிறது" என்றவர் இந்த முறை இரண்டாவது நிமிடம் தாண்டியதும் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முடிந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வாரமாக நான் காத்திருந்தது அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகத்தான். நினைவில் இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ஒலி நாடகத்தின் காட்சி சிறியது. மூடிக் கிடக்கும் அரிசி ஆலைக்கு ஒரு இரவுக் காவலாளி. ஆலைக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு. அவர் பீடி பற்றவைக்கத் தீக்குச்சி உரசுகிறார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ அவர் பெயரைச் சொன்னது போல இருக்கிறது. ஆறு வரி வசனம், மீதியெல்லாம் ஒலி. "இருட்டு கேட்க வேண்டும்" என்று மட்டும் நண்பர் சொல்லியிருந்தார்.

முதல் வடிவத்தை மூன்று நாளில் முடித்தேன். சுபபந்துவராளி ராகத்தை எடுத்துக்கொண்டு, கணினியில் இருந்த வயலின், செல்லோ ஒலிகளில் மெதுவாக ஆலாபனை போல இழைத்தேன். அடியில் நிமிடத்துக்கு அறுபது வீதம் இதயத்துடிப்பு. தூரத்தில் இடி. ஒரு கொலுசு. மொத்தம் 34 தடங்கள். கேட்டுவிட்டு நண்பர் சொன்னார்: "நன்றாக இருக்கிறது. ஆனால் காவலாளியின் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் போலத் தெரிகிறது."

அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வாரம் யோசித்தேன். நான் செய்திருந்தது சோகம். சோகத்துக்கு ஒரு முகம் உண்டு, யார் அழுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். இருட்டில் எதிரே இருப்பது யார் என்றே தெரியக் கூடாது. சுபபந்துவராளியின் சாதாரண காந்தாரம் வந்து நின்றதுமே கேட்பவர் மனம் இளகிவிடுகிறது, இது இன்ன உணர்ச்சி என்று பெயர் வைத்துவிடுகிறது. முதல் வேலையாகக் காந்தாரத்தை எடுத்தேன். பிறகு பஞ்சமத்தை. அது நிம்மதியாக வந்து உட்காரும் இடம், காவலாளிக்கு அந்த இடம் கிடைக்கக் கூடாது. தைவதமும் நிஷாதமும் தாமாகவே தேவையற்றுப் போயின. மிஞ்சியவை ஷட்ஜம், அதை ஒட்டியே நிற்கும் சுத்த ரிஷபம், நடுவில் அந்தரத்தில் தொங்கும் பிரதி மத்யமம். மூன்றே சுரங்கள். கமகமும் இல்லை. ரிஷபத்தை லேசாக அசைத்தாலே அது ராகமாகிவிடுகிறது, பாடுகிற ஓர் ஆள் உள்ளே வந்துவிடுகிறார்.

ஆதார ஒலிக்குக் கணினியில் நாற்பது ஹெர்ட்ஸ் முழக்கம் ஒன்றைச் செய்து பார்த்தேன். கனமாக இருந்தது, ஆனால் உயிரில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற உணர்வு மட்டுமே கிடைத்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் அத்தையிடம் ஒரு பழைய தஞ்சாவூர்த் தம்புரா உண்டு. முப்பது வருடம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். ஒலிப்பதிவுக் கருவியை நாளுக்கு 500 ரூபாய் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தம்புரா அவர் பாடும் சுருதியான ஐந்து கட்டையில் இருந்தது. ஷட்ஜம் சொல்லும் நடுத் தந்திகளான சாரணி இரண்டும் 196 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் மந்தரத் தந்தி 98. பஞ்சமத் தந்தியை அரை சுரம் இறக்கிப் பிரதி மத்யமத்தில் நிறுத்தச் சொன்னேன். தந்தியைத் தளர்த்துவதுதானே, அறுந்துவிடும் பயமில்லை. அத்தை பிருடையை, அதாவது தந்தியின் முறுக்காணியை, திருப்பிச் சுருதி சேர்த்துவிட்டு ஒரு முறை மீட்டினார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"இதில் யார் பாட முடியும், கண்ணா?"

"பாடுவதற்கு இல்லை அத்தை. பாட முடியாதபடி இருக்க வேண்டும்."

பதிவு செய்து கேட்டேன். சுரம் சரி, ஆனால் ஒளி நிரம்பி வழிந்தது. தம்புராவின் இயல்பு அது. குதிரைக்கும் தந்திக்கும் இடையில் இருக்கும் ஜீவாளி நூல்தான் அந்த ரீங்காரத்தை, மேல் ஸ்தாயிச் சுரங்களின் அந்தப் பூச்சிதறலைத் தருகிறது. என் காட்சிக்குப் பகை அந்த நூல்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஜீவாளியை எடுத்துவிடலாமா என்று கேட்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான்கு நூல்களையும் அவரே ஒவ்வொன்றாக நகர்த்தி எடுத்து ஒரு வெற்றிலைமேல் வைத்தார்.

நூல் இல்லாத தம்புரா மரக்கட்டைக்குள் யாரோ தட்டுவது போல ஒலிக்கிறது. கார்வை, அதாவது ஒலி நீடிக்கும் நேரம், சுருங்கிவிடுகிறது. தந்தி ஒலிக்கிறது, ஆனால் மலரவில்லை. அந்த ஒலியைக் கேட்டதும் காட்சியின் அடித்தளம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. மெதுவாக, ஒரு தந்திக்கு நான்கு நொடி வீதம், பன்னிரண்டு நிமிடம் மீட்டச் சொல்லிப் பதிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து அதைப் பாதி வேகத்தில் ஓட விட்டேன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், சுருதியைக் காக்கும் வசதியை அணைத்துவிட்டு ஓட்ட வேகத்தை 0.5 என்று வைத்தால் போதும். சாரணி 98 ஹெர்ட்ஸுக்கும் மந்தரம் 49 ஹெர்ட்ஸுக்கும் இறங்கின. அதே தடத்தைப் பிரதி எடுத்து, பிரதியை எட்டு செண்ட் இறக்கினேன் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்). 98-க்கும் 97.55-க்கும் இடையில் விம்மல் இரண்டு நொடிக்குச் சற்று மேலே ஒன்று வீதம் எழுகிறது, மூச்சு விடுவது போல. பதினைந்து செண்ட் வரை போய்ப் பார்த்தேன், அது சுருதி கலைந்த தம்புரா என்று தெரிந்துவிடுகிறது. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்தான் காரணம் தெரியாத அசைவு இருக்கிறது.

அடுத்தது இரும்பும் பித்தளையும். அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ வட்டுகள் மூன்று, ஒன்று 15 ரூபாய். கவசக் கம்பியில் ஈயம் வைத்துப் பற்றி, கால் அங்குல ஜாக் சேர்த்து, மேலே மின்காப்பு நாடா சுற்றினேன். ஊஞ்சல் கொக்கியில் ஒன்றை அழுத்திக் கட்டி, ஒலி அட்டையின் லைன் உள்ளீட்டில் சொருகினேன். வந்த ஒலி தகர டப்பாவில் சோழி உருட்டியது போல இருந்தது. வட்டுதான் மோசம் என்று நினைத்து இரண்டாவதை மாட்டினேன், மூன்றாவதை மாட்டினேன், ஒரு மாலைப் பொழுது முழுக்க அதில் போயிற்று. குற்றம் வட்டில் இல்லை. இந்த அளவு வட்டின் மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட். லைன் உள்ளீட்டின் மின்தடை பத்தாயிரம் ஓம் என்றால், ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் நழுவிப் போய்விடும். கிதார் உள்ளீடு என்று ஒலி அட்டையில் தனியாக ஒன்று இருக்கும், அதன் மின்தடை பத்து லட்சம் ஓம். அதில் சொருகியதும் அந்தக் கொக்கியின் வயிற்றிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. யாருக்காவது உதவும் என்றால் இந்தப் பதிவிலேயே இந்த ஒரு பத்திதான் உதவும்.

பழைய வயலின் வில் ஒன்றைப் பழுது பார்க்கும் கடையில் 600 ரூபாய்க்கு வாங்கினேன். ரோசின் தாராளமாகத் தடவி, பித்தளைத் தாம்பாளம் ஒன்றின் விளிம்பில் செங்குத்தாக இழுத்தேன். தாம்பாளத்தின் நடுவை மூன்று விரலால் தாங்கினால் ஒரு சுரம், விளிம்பருகே கட்டை விரலை வைத்தால் வேறொன்று. இதை நாலில் ஒரு பங்கு வேகத்துக்கு, அதாவது இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினேன். ஏமாற்றம். கம்பளிக்குள் பொதிந்து வைத்தது போல மூச்சு முட்டியது. காரணம் எளிது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் அதிகபட்சம் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உள்ளே இருக்கும், நாலில் ஒரு பங்கானால் மேல் எல்லை ஐந்தரை. மறுபடி 96-ல் பதிந்தேன். இப்போது வேகம் குறைத்தாலும் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருந்தது. வில்லின் மயிர் பித்தளையைச் சுரண்டுவது கேட்டது. பெரிய மிருகம் ஒன்று பக்கவாட்டில் திரும்பிப் படுப்பது போன்ற ஒலி. மங்கலை இருட்டு என்று நினைத்திருந்தேன் என்பது அப்போது புரிந்தது. இருட்டில் கண் இன்னும் கூர்மையாகிறது, எதையாவது பார்க்கத் துடிக்கிறது. காதுக்கும் ஏதாவது ஒரு நுனி கிடைக்க வேண்டும்.

நடுவில் உடுக்கையும் முயன்றேன். ஊரில் குறி சொல்லும் ஒருவர் மகிழ்ச்சியோடு வந்து அரை மணி நேரம் வாசித்தார். கயிற்றை இறுக்கித் தளர்த்த, ஒலி மேலே போய்க் கீழே விழும் அந்த அழகு என்னை உலுக்கியது. ஆனால் காட்சியில் வைத்ததும் குலசாமி வந்துவிட்டது. தமிழ்க் காது உடுக்கையைக் கேட்டால் அருள் வரப் போகிறது என்று எதிர்பார்க்கும், காப்பாற்ற ஒரு சாமி அருகில் இருக்கிறது என்று ஆறுதல் அடையும். மனமில்லாமல் அழித்தேன். தோலை விரல் நுனியால் தேய்த்த ஒரு நான்கு நொடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொலுசையும் அன்றே எடுத்தேன். அதற்கு நம் பேய்க் கதைகள் ஏற்கெனவே ஓர் உருவம் கொடுத்துவிட்டன.

கிணறுதான் இந்த வேலையின் நெஞ்சு. கணினியில் இருக்கும் மண்டபம், தேவாலயம் போன்ற எதிர்முழக்கங்கள் (ஓர் இடத்துக்குள் ஒலி பட்டுத் திரும்பி நீடிப்பது) எல்லாமே அகலமாக, வழவழப்பாக இருந்தன. கிணறு அப்படி இல்லை. மாமாவின் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு கைவிடப்பட்ட சதுரக் கிணறு ஒன்று இருக்கிறது. அறுபது அடி ஆழம், இருபது அடி அகலம், பாதிக்குக் கீழே வெட்டிய பாறை. உள்ளே இறங்கும் எண்ணத்தை மாமா முதல் வார்த்தையிலேயே தடுத்தார், அது சரி. பாழுங்கிணற்றுக்குள் கெட்ட காற்று தேங்கியிருக்கும், இறங்கியவர் திரும்பாத கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஒலிப்பதிவுக் கருவியைக் கயிற்றில் கட்டி ஐம்பது அடிக்கு இறக்கினோம். மேலே கிணற்று விளிம்பில் பலூனை ஊசியால் குத்தி வெடிப்பது, கீழே அது பதிவாவது, அந்தப் பதிவை ரீப்பரின் எதிர்முழக்கக் கருவியில் ஏற்றினால் எந்த ஒலியையும் அந்தக் கிணற்றுக்குள் வைத்துவிடலாம். இதுதான் திட்டம்.

முதல் நாள் போனது நண்பகலில். முதல் பலூன் வெடித்ததும் பாறை இடுக்குகளிலிருந்து முப்பது மாடப்புறாக்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. பதிவு முழுவதும் சிறகடிப்பு. அவை அடங்க இருபது நிமிடம். அடுத்த பலூனுக்குக் காற்று எழுந்து கருவி பாறையில் மோதிக்கொண்டே இருந்தது. பதினொரு பலூன், ஒன்றும் தேறவில்லை.

அன்று இரவு அங்கேயே தங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு, காற்று எழும் முன்னால், கருவியைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி, கயிற்றின் நுனியில் அரைக் கிலோ எடைக்கல்லும் சேர்த்து இறக்கினோம். எடைக்கல்தான் ஆடாமல் நிறுத்தியது. புறாக்களுக்கு முதல் வெடியைக் கொடுத்துவிட்டு, அவை வெளியே போய்த் திரும்பும் முன்னால், இரண்டு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஆறு பலூன் வெடித்தோம். நான்காவது மிகச் சுத்தம். நேரடி ஒலி, உடனே அடிப்பாறையிலிருந்து அறைந்தது போன்ற ஓர் எதிரொலி, பிறகு நான்கு சுவர்களுக்கு இடையில் படபடவென்று ஓடும் எதிரொலி. ஒன்றரை நொடிக்குள் எல்லாம் மேலே திறந்த வானத்துக்குள் போய்விடுகிறது. நீளமான கார்வையை எதிர்பார்த்துப் போனேன். கிடைத்ததோ நெருக்கமான, கரடுமுரடான, சட்டென்று மூடிக்கொள்ளும் ஓர் இடம். அதுவே காட்சிக்குப் பொருந்தியது. பலூன் வெடிப்பில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் இருக்காது என்பதும் நல்லதாயிற்று. தம்புராவின் அடி ஒலி சேறாகாமல் தெளிவாக நின்றது.

தாம்பாளத்தையும் ஊஞ்சல் கொக்கியையும் அந்தக் கிணற்றுக்குள் அனுப்பினேன். காவலாளியின் குரலை மட்டும் வெளியே, உலர்ந்த ஒலியாக, காதுக்கு அருகிலேயே வைத்தேன். பெயர் சொல்லி அழைப்பதும் காவலாளியாக நடித்தவரின் அதே குரல்தான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து. தன் பெயரைத் தானே அழைப்பது போல இருக்கட்டும் என்று நண்பரிடம் சொல்லாமலே செய்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நடுக்கம் மட்டும் அவருக்குள் போயிருக்கிறது.

இனி தீக்குச்சி. மொத்தக் கலவைக்கும் 1,800 ஹெர்ட்ஸில் வடிகட்டி போட்டு மேல் ஒலிகளை மழுக்கினேன். தாம்பாளத்தின் சுரண்டலுக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு. பிறகு ஒரு தீக்குச்சி உரசுவதை மைக்குக்கு நான்கு அங்குல தூரத்தில் பதிந்து, வடிகட்டியும் எதிர்முழக்கமும் தொடாமல், முழு வெளிச்சத்தோடு நடுவில் வைத்தேன். ஈரமில்லாத பெட்டி வேண்டும் என்று மூன்று பெட்டி வாங்கி, நாற்பது குச்சிக்கு மேல் உரசினேன். இருபத்து மூன்றாவது குச்சி. உரசல், பற்றும் சீற்றம், பிறகு சுடர் நிலைக்கும் மெல்லிய மூச்சு. ஆறு, ஏழு கிலோஹெர்ட்ஸில் அது பளிச்சென்று எழும்போதுதான் அதுவரை கேட்டது எவ்வளவு கறுப்பு என்று காதுக்கே தெரிகிறது. பதினான்கு நொடி எரிகிறது. அணைகிறது. அணைந்ததும் வடிகட்டியை 1,800-லிருந்து 700-க்கு எட்டு நொடியில் மெதுவாக இறக்கினேன். முன்பு இருந்ததைவிட இப்போது இன்னும் இருட்டு, ஆனால் யாரும் கதவை மூடியது தெரியாது. நண்பர் திரும்பிப் பார்த்தது இந்த எட்டு நொடிக்குள்தான்.

இதயத்துடிப்பை எடுத்த பிறகு காலத்தை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. சீரான இடைவெளி எதுவானாலும் கேட்பவர் அடுத்ததை எதிர்பார்த்துவிடுகிறார், எதிர்பார்ப்பது பாதுகாப்பு. தாம்பாள ஒலிகளை 11, 7, 19, 13 நொடி இடைவெளிகளில் தூவினேன். பெயர் அழைக்கப்படுவதற்கு ஒன்றரை நொடி முன்னால் தம்புரா உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு நொடி வைத்தால் பதிவு தடைபட்டது என்று ஃபோனை எடுத்துப் பார்க்கிறார்கள், இரண்டு பேரிடம் சோதித்தேன். ஒரு நொடி போதவில்லை.

ஃபோன் என்றதும் நினைவுக்கு வருவது நான்காவது வடிவத்தின் தோல்வி. என் அறையின் ஒலிபெருக்கியில் நெஞ்சை அழுத்திய அதே கலவை, அத்தையின் ஃபோனில் வெறும் தீக்குச்சியும் வசனமுமாகப் போய்விட்டது. 49 ஹெர்ட்ஸை அந்தச் சிறு ஒலிபெருக்கி எழுப்பவே முடியாது. அடி ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது பயனற்றது. அதற்குப் பதிலாகத் தம்புராவின் ஒரு பிரதியை மென்மையாகச் சிதைத்து, அதன் மடங்குகளான 98, 147, 196, 245 ஆகியவற்றை எழுப்பினேன். மடங்குகள் வரிசையாகக் கேட்டால் அடியிலிருக்கும் சுரத்தைக் காதே கட்டிக்கொள்ளும். கூடவே ஊஞ்சல் கொக்கியின் முனகலை 300-க்கும் 900-க்கும் இடையில் இரண்டு டெசிபல் உயர்த்தினேன். ஃபோனில் இப்போது கனம் இல்லை, ஆனால் ஏதோ அருகில் இருக்கிறது என்ற உணர்வு இருக்கிறது. வசனம் வரும் இடங்களில் இசை மூன்று டெசிபல் தானாகவே பணிகிறது. முழு நாடகமும் மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவில் நிற்கிறது.

தடங்கள் 34-லிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டன. செலவு: பீசோ 45, கம்பியும் ஜாக்கும் 180, வில் 600, கயிறு 240, பலூன் 30, கருவி வாடகை இரண்டு நாளுக்கு 1,000, பஸ் 190, தீப்பெட்டி மூன்று 6. மொத்தம் 2,291 ரூபாய். கணினி, ஒலி அட்டை, மென்பொருள் எல்லாம் முன்பே இருந்தவை.

அடுத்த முறை பலூனோடு நிற்க மாட்டேன். சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கிணற்று விளிம்பில் வைத்து, கீழிருந்து மேலாக ஏறும் ஒரே இழுப்பான சுரத்தை இருபது நொடி ஒலிக்க விட்டு அதிலிருந்து எதிர்முழக்கத்தைப் பிரித்தெடுப்பேன். இரைச்சல் குறையும், புறாக்களும் பதற மாட்டா. எல்லாப் பதிவுகளையும் முதல் நாளிலிருந்தே 96-ல் வைப்பேன். இசையை அடுக்கத் தொடங்கும் முன்னால் வசனத்தையும் தீக்குச்சியையும் மட்டும் வைத்து ஒரு முறை கேட்பேன். அதைச் செய்திருந்தால் முதல் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

தம்புராவைப் பழைய சுருதிக்குத் திருப்பிச் சேர்க்க நேற்றுப் போயிருந்தேன். வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது, நூல்கள் அப்படியே இருந்தன. அத்தை பஞ்சமத்தை ஏற்றி, ஜீவாளியைக் குதிரைமேல் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ரீங்காரம் மலரும் இடத்தில் நிறுத்தினார். மாமா வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசியில் நன்றாகப் பெய்தால் அந்தக் கிணற்றில் பத்தடிக்காவது நீர் ஊறும் என்றார். நீர் ஊறினால் அடிப்பாறை அறைவது போன்ற அந்த எதிரொலி மறைந்துவிடும், வேறொரு பதில் வரும். கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.